மலைமேல் ஒரு பி.டி. அக்கா

பிள்ளைகள் அவரை ‘பி.டி. அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். “பேரெல்லாம் போட வேண்டாங்க சார், ஊர வேணும்னா போட்டுக்கங்க” என்றார். ஆத்தூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா லாரி ஓட்டுநர். பள்ளி நாள்களில் கபடி ஆட்டக்காரி, அதுவும் ரைடர். அந்த ஆசையிலேயே உடற்கல்வியில் பட்டம் வாங்கினார். இப்போது ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக் கதவைச் சாத்தியதும், முதுகுப் பையை மாட்டிக்கொண்டு சேலம் வந்து ஏற்காடு பஸ் ஏறிவிடுகிறார். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அந்தக் கோடை முகாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்வரை அவருக்கு அங்கேதான் வேலை, சாப்பாடு, படுக்கை எல்லாம்.

கோடை முகாமில் இரண்டு வகை உண்டு. மாவட்ட விளையாட்டரங்குகளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிற பயிற்சி முகாம் மாதிரி, காலையிலும் மாலையிலும் போய்விட்டு வீட்டுக்குத் திரும்புவது ஒன்று. ஏற்காடு, கொடைக்கானல், கொல்லிமலை என்று மலையூர்களில் ஒரு வாரம், பத்து நாள் தங்கவைத்து நடத்துவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையில், ஊழியருக்கு வேலை முடியும் நேரம் என்று ஒன்று கிடையாது. கயிறேற்றம், மலைநடை, விளையாட்டு எல்லாம் அட்டவணையில் இருக்கும். நள்ளிரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால், விடிகாலையில் இன்னொன்று அம்மாவைக் கேட்டு அழுதால், அதெல்லாம் அட்டவணையில் இருக்காது. ஆனால் அதையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்கு உடம்பு வேண்டும். பார்க்க எடுப்பாக இருக்கிற உடம்பைச் சொல்லவில்லை. சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்கிற உடம்பு. உடற்பயிற்சியை நேசிக்கிற ஒருவருக்கு இதைவிட நல்ல கோடை கிடைக்காது என்றும், உடம்பைப் பேணாத ஒருவரை நம்பி இருபது பிள்ளைகளை மலைமேல் அனுப்பக் கூடாது என்றும் அந்த முகாமில் தங்கியிருந்தபோது எனக்கு உறுதியாகப் பட்டது.

விடியுமுன் ஒரு மணி நேரம்

பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு மணியடிக்கும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பி.டி. அக்காவுக்கே உரியது. நெற்றியில் ஒரு ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை வரை ஓடிவிட்டுத் திரும்புவார். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். சேர்வராயன் மலையில் காட்டெருமை நடமாட்டம் உண்டு என்பதால் வெளிச்சம் வரும்வரை தார்ச்சாலையை விட்டு இறங்குவதில்லை. காதில் இயர்போனும் கிடையாது. “காதுதாங்க சார் இங்க மொத கண்ணு” என்கிறார்.

ஏற்றத்தில் அவர் ஓடுவதைப் பார்க்க வேண்டும். எட்டு வைப்பது சின்னதாகிவிடும், கை மட்டும் வேகமாக ஆடும், மூச்சு ஒரே சீராக இருக்கும். வாயைத் திறந்து முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தைத் தாண்டமாட்டார். இதய மருத்துவர்களும் ஓட்டப் பயிற்சியாளர்களும் சொல்கிற அளவுகோல்தான் இது. பேச்சு துண்டுதுண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். தினமும் ஓட வேண்டியவர், ஓடி முடித்த கையோடு பிள்ளைகளுக்குப் பின்னால் நாள் முழுக்க அலைய வேண்டியவர், ஒரே காலையில் உடம்பைத் தீர்த்துவிடக் கூடாது அல்லவா?

திரும்பி வந்ததும் முற்றத்தில் தண்டால், பஸ்கி. இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே கட்டியிருக்கும் இரும்புக் குழாயில் தொங்கி ஏறுவது. கடைசியாகத் தாத்தாவின் கர்லாக்கட்டை. ஊரிலிருந்து பையோடு தூக்கி வந்த ஒற்றைக் கட்டை அது. பிடியில் தாத்தாவின் கைபட்டு வழுவழுத்த இடம் கறுத்துக்கிடக்கிறது. தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், முதுகை ஒட்டி ஒரு சுற்று சுற்றி, மறுபக்கம் முன்னால் கொண்டுவருகிறார். கட்டை சுழலும்போது கால் பாதங்கள் இரண்டும் தரையில் வேர்விட்ட மாதிரி நிற்கின்றன. தோள்பட்டை, பிடிவலு, இடுப்பு மூன்றும் ஒரே சுற்றில் வேலை செய்கின்றன. கயிற்றில் ஏறும் பிள்ளையைக் கீழே நின்று பிடிப்பவருக்கு வேண்டியதும் இதே மூன்றுதான்.

அதன்பிறகு செய்வதை அவர் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கவில்லை, நான் சேர்க்கிறேன். கீழ்த்தொட்டியிலிருந்து சமையலறைக்கு, கைக்கு ஒன்றாக இரண்டு 20 லிட்டர் கேன்களைக் கல் படிகளில் ஏற்றிக் கொண்டுபோகிறார். ஒரு கேனில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. நகரத்து ஜிம்களில் இதற்கு ‘ஃபார்மர்ஸ் வாக்’ என்று பெயர் வைத்து, பணம் வாங்கிக்கொண்டு செய்யச் சொல்கிறார்கள். “அண்ணனுக்கு முதுகு வலி, நான் கொண்டாந்தா ஆகாதா?” என்று சமையல்காரரைக் காட்டிச் சொல்லிவிட்டு அடுத்த நடைக்கு இறங்கிவிட்டார்.

குந்தி உட்காரத் தெரியாத பிள்ளைகள்

முகாமுக்கு வந்த முதல் நாள் மாலை, பிள்ளைகளுக்கு ஒரு சோதனை உண்டு. சோதனை என்று சொல்லாமல் விளையாட்டாக நடத்துகிறார். வட்டமாக நிற்கவைத்து, “எல்லாரும் குந்தி உக்காருங்க சாமிகளா” என்கிறார். அவ்வளவுதான். நான் பார்த்த அணியில் பாதிப் பேருக்குக் குதிகால் தரையில் பதியவில்லை. சிலர் பின்னால் சாய்ந்து விழுந்தார்கள். பிறந்ததிலிருந்து நாற்காலி, சோபா, மேலைநாட்டுக் கழிவறை என்று வளர்ந்த பிள்ளைகளுக்குக் கணுக்காலும் இடுப்பும் அந்த அளவுக்கு மடங்குவதில்லை. அடுத்து ஒற்றைக் காலில் நிற்பது. அடுத்து நொண்டி. அந்தக் கால் மணி நேரத்துக்குள் யாரைச் சரிவில் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், யாரை முன்னால் விடலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயது வரையிலானவர்களில் உலகம் முழுக்க 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டுவதில்லை என்று அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்டார்கள். பையன்களைவிடப் பெண்பிள்ளைகளின் நிலை மோசம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றாலே பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிற ஊர் நம்முடையது. இந்த எண்ணைப் பார்த்து நாம் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

பி.டி. அக்கா இந்த எண்களைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. அவருக்கென்று சில சட்டங்கள் இருக்கின்றன. ‘குண்டு’, ‘ஒல்லிப்பிச்சான்’ என்று யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. ஓட்டத்தில் யார் முதல், யார் கடைசி என்று அறிவிப்பதில்லை. தண்டனையாகத் தோப்புக்கரணமோ மைதானத்தைச் சுற்றி ஓடுவதோ கிடையவே கிடையாது. “தப்பு பண்ணினா ஓடுன்னு சொன்னா, ஓடுறது தண்டனைன்னு மனசுல பதிஞ்சிரும்ங்க சார். அப்பறம் அந்தப் புள்ள ஆயுசுக்கும் ஓடாது.” இந்த ஒரு வாக்கியத்தை எல்லாப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர் அறையிலும் எழுதி ஒட்டலாம்.

கிரிக்கெட் மட்டையை அவர் வெளியே எடுப்பதே இல்லை. ஆறு பேர் ஆட, பதினெட்டுப் பேர் நிற்கிற ஆட்டம் இங்கே வேண்டாம் என்கிறார். கோகோ, கபடி, கில்லி, நொண்டி, பூப்பறிக்க வருகிறோம். எல்லாமே எல்லாரும் ஓட வேண்டிய ஆட்டங்கள். கபடியில் ரைடு போகிறவருக்கு 30 விநாடிதான் நேரம். அதற்குள் குனிந்து, பக்கவாட்டில் நகர்ந்து, தொட்டு, திரும்பி வந்தாக வேண்டும். ஈரோட்டிலிருந்து வந்திருந்த கொஞ்சம் பருத்த உடம்புப் பையன் ஒருவன், முதல் இரண்டு நாளும் ஓரமாக நின்றவன், மூன்றாம் நாள் கபடியில் ‘கார்னர்’ பிடித்தான். அவன் பிடியிலிருந்து ஒருத்தரும் தப்பவில்லை. சாயங்காலம் அவனைச் சுற்றி நாலு பேர் நின்று எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வலு அவனிடம் முன்பே இருந்தது. அதற்கு ஓர் இடம் கண்டுபிடித்துக் கொடுத்தது அக்கா.

இரண்டாம் நாள் காலையில் முகாம் முழுக்க முனகல் கேட்கும். தொடை வலி. ஏறினதால் வந்தது என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைக்கும். உண்மையில் இறங்கினதால் வருவது. இறக்கத்தில் தொடையின் முன்பக்கத் தசை உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. பழகாத தசையில் நுண்ணிய காயங்கள் ஏற்பட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வலி உச்சத்துக்கு வரும். அதற்கு மருந்து மறுபடியும் மெதுவாக நடப்பதுதான் என்று அவர் விளக்கிச் சொல்கிறார். தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவர் பொறுமையாகச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது. முனகல் நின்று, “அப்ப நாளைக்கு வலிக்காதாக்கா?” என்று கேள்வி வருகிறது.

மலையுச்சியில் இடி

சேர்வராயன் கோயில் மேடு ஏற்காட்டின் உயரமான இடம். 1,600 மீட்டரை ஒட்டிய உயரம். குகைக்குள் சாமி. மே மாதத்தில் சுற்றுவட்ட மலையாளிப் பழங்குடி மக்கள் கூடித் திருவிழா எடுப்பார்கள். உச்சியில் அகலமான புல்வெளி, பெரிய மரங்கள் கிடையாது, காற்று ஆளைத் தள்ளும். முகாமின் பெரிய மலைநடை அங்கேதான். அதிகாலையில் கிளம்பி, மதியத்துக்குள் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பது விதி. மே மாத மழை அங்கே பெரும்பாலும் பிற்பகலில் வரும். காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறி, குளிர்ந்து, மேகமாகத் திரள்வதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.

நான் கூடப் போன நாளில் மேகம் அந்த விதியைப் பொருட்படுத்தவில்லை. உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் கடலை மிட்டாயைப் பிரித்துக்கொண்டிருந்தபோதே வடக்குப் பக்கம் கறுத்தது. ஒரு மின்னல். பிள்ளைகள் “ஹே...” என்று கத்தினார்கள். பி.டி. அக்காவின் உதடு மட்டும் அசைவதைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார். இடிச்சத்தம் கேட்டதும் நிறுத்தினார்.

ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால், இடி விழக்கூடிய தூரத்துக்குள் நாம் இருக்கிறோம் என்று பொருள். உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. வெட்டவெளியில் நிற்பது ஆபத்து. தனி மரத்தடியில் ஒதுங்குவது அதைவிட ஆபத்து. நல்ல கட்டடமோ, உலோகக் கூரையுள்ள மூடிய வண்டியோதான் புகலிடம். முகாம் வேன் கீழே சாலை வளைவில் தண்ணீர் கேன்களோடு நின்றுகொண்டிருந்தது.

அவர் கத்தவில்லை. விசிலை ஒருமுறை ஊதினார். “பையை மாட்டு, மிட்டாய் வாயில போடு, ஜோடி புடி. வேனுக்குப் போறோம். ஓடக் கூடாது, வேகமா நடக்கணும்” என்றார். சக ஊழியரான இளைஞர் முன்னால் போனார். இவர் கடைசியில். உதவியாளர் நடுவில். இருபத்துநான்கு பிள்ளைகளுக்கும் முதல் நாளே ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தார்கள். “எண்ணு!” என்று அவர் சொன்னதும் ஒன்று முதல் இருபத்துநான்கு வரை குரல்கள் வரிசையாக வந்தன. பாதி வழியில் மறுபடியும் “எண்ணு!”. இந்தமுறை பதினேழோடு நின்றுவிட்டது.

பதினெட்டாவது பையன் எங்கும் போய்விடவில்லை. அவருக்கு நாலடி முன்னால், பாறை விளிம்பில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தான். பயத்தில் கால் எழவில்லை, குரலும் எழவில்லை. அவர் அவன் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, முதுகைக் காட்டி, “உப்பு மூட்டை ஏறிக்க கண்ணு” என்றார். அவன் ஏறிக்கொண்டதும் எழுந்தார். எழுந்த விதம்தான் எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது. கையை ஊன்றவில்லை. நிமிர்ந்த முதுகோடு, இரண்டு தொடைகளின் வலுவில் மட்டும் ஒரு பத்து வயதுப் பையனைச் சுமந்து எழுந்து, மழை நனைத்த பாறைச் சரிவில் ஒவ்வொரு பாதமாக முழுதாகப் பதித்து இறங்கினார். தினமும் விடியற்காலை பஸ்கி எதற்கு என்று நான் கேட்க நினைத்திருந்த கேள்வியை அத்தோடு விட்டுவிட்டேன்.

வேனுக்குள் கடைசி எண்ணிக்கை. ஒன்று முதல் இருபத்துநான்கு வரை தடையில்லாமல் வந்தது. பதினெட்டு என்ற குரல் மற்ற எல்லாக் குரல்களையும்விட உரக்கக் கேட்டது. ஆலங்கட்டி வேன் கூரையில் விழுந்து பேச்சே கேட்காமல் போனது. ஈரச்சட்டைகளைக் கழற்றவைத்து உலர்ந்த துண்டுகளைக் கொடுத்தார். அந்தாக்ஷரி ஆரம்பமாயிற்று. இடி ஓய்ந்து அரை மணி நேரம் ஆகும்வரை அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார். கடைசியில் ஒரு சின்ன முழக்கம் கேட்டதும், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சியும் விடாமல், மறுபடியும் முதலிலிருந்து நேரம் வைத்தார். பிள்ளைகளிடம் நல்ல பேர் வாங்குவதைவிட அந்த அரை மணி நேரம் அவருக்குப் பெரிதாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பாதச் சோதனை. இதை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார, அவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாதத்தையும் மடியில் வைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறார். விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுக்கிறார். ஷூ கடித்துச் சிவந்த இடம் கொப்புளமாவதற்கு முன்பே டேப் ஒட்டுகிறார். இரண்டு பேருக்கு அட்டை கடித்திருந்தது. ரத்தம் நிற்காமல் கசிந்ததால் ஒரு சிறுமி மிரண்டுபோயிருந்தாள். அட்டையின் உமிழ்நீரில் ரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நேரம் கசிகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே சோப்புத் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தார். “உன் ரத்தம் அதுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு போல.” அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

பிடி, முடிச்சு, தண்ணீர்

கயிறேற்ற நாளில் அவர் முகம் மாறிவிடும். சிரிப்பு இருக்காது. ஹார்னஸ் மாட்டிய ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும், வாருக்கும் உடம்புக்கும் நடுவே தன் உள்ளங்கையைத் தட்டையாகச் செருகிப் பார்க்கிறார். கை போக வேண்டும். போன கையை முஷ்டியாக மடக்கினால் வெளியே வரக் கூடாது. பிறகு எட்டு வடிவ முடிச்சை விரலால் தடவி இரண்டு இழைகளும் இணையாக ஓடுகின்றனவா என்று பார்க்கிறார். காரபினரின் பூட்டைத் திருகி, இழுத்துப் பார்க்கிறார். இவ்வளவையும் முடித்த பிறகு சக ஊழியர் வந்து அதே சோதனையை முதலிலிருந்து செய்கிறார். இருபது தரம் செய்தாலும் இருபதாவது தரமும் அதே நிதானம்.

முகாமில் சின்ன நீச்சல் குளம் உண்டு. குளத்து நேரத்தில் அவர் செல்போனைத் தொடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, என்னோடும்கூட. சினிமாவில் காட்டுகிற மாதிரி, மூழ்கும் பிள்ளை கையை வீசிக் கத்தாது. வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்வரும், மூச்சு எடுக்கவே நேரம் போதாது, சத்தம் எங்கிருந்து வரும்? ஒரு நிமிடத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடலாம். பார்த்துக்கொண்டே இருக்கிற கண் ஒன்றுதான் காப்பாற்றும்.

ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் துணி துவைக்கும் நேரத்தில், ஊழியர்கள் மூன்று பேரும் தலையணையை வைத்து மார்பழுத்தப் பயிற்சி செய்கிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது மருத்துவ விதி, ஏனென்றால் அதற்குமேல் எப்பேர்ப்பட்டவருக்கும் கை தளர்ந்து அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும். நான் செய்து பார்த்தேன், இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. மலைமேல், மருத்துவமனைக்கு வண்டி போய்ச்சேரும்வரை, மாற்றாள் இல்லாமல் போகலாம். தண்டால் எடுக்கும் கை அங்கேதான் தேவைப்படும்.

இரவில் வரும் அழுகைக்கு அவரிடம் வேறு வைத்தியம். வீட்டு நினைப்பில் விசும்பிய ஒரு சின்னவனை முற்றத்துக்குக் கூட்டிவந்து, வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் காட்டினார். வால் பக்கத்திலிருந்து இரண்டாவதாக இருப்பது வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று கேட்டார். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தவன், தெரிகிறது என்றான். “அப்ப நல்ல கண்ணு உனக்கு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மணியடிக்கிற வேலை உன்னோடது” என்றார். மறுநாள் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவன் மணியடியில் நின்றான்.

பக் துரை தொடங்கிய வழி

பள்ளிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1861-லேயே தொடங்கிவிட்டது. கனெக்டிகட் மாநிலத்தில் பிரெடரிக் கன் என்ற பள்ளித் தலைமை ஆசிரியர் தம் மாணவர்களோடு நடந்துபோய்க் கடற்கரையில் முகாமிட்டதைத்தான் முதல் கோடை முகாம் என்கிறார்கள். 1907-ல் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் பிறந்தது.

பி.டி. அக்காவின் தொழிலைப் பொறுத்தவரை, நமக்கு நெருக்கமான கதை சென்னையில் நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக், 1920-ல் இங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி அது. இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்குப் பயிற்சி கொடுத்துக் கூடவே போனவரும் பக் தான். கடைசிவரை இந்த ஊரிலேயே இருந்து 1943-ல் இறந்தார். விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பது படித்துச் செய்ய வேண்டிய தொழில் என்பதை நம் மண்ணில் நிலைநாட்டியவர் அவர்.

நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தொழிலுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு மட்டும் ஏறவில்லை. 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 16,000-க்கும் அதிகமான பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் சம்பளத்தில் அரசுப் பள்ளிகளில் நியமித்தார்கள். மே மாதம் மட்டும் சம்பளம் கிடையாது என்பதை எதிர்த்து அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் நம் பி.டி. அக்காவுக்கும் கோடையில் சம்பளம் வருவதில்லை. மலை ஏற ஆசை என்பது பாதிக் காரணம், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்பது மீதிப் பாதி. அதை அவர் மறைக்கவில்லை, நானும் மறைக்க விரும்பவில்லை. ஆசைப்பட்டுச் செய்கிற வேலை என்பதற்காகக் குறைந்த கூலி கொடுக்கலாம் என்று நினைப்பது அநியாயம்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். அதன்பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. இப்போது வனத்துறையே அனுமதிக்கப்பட்ட பாதைகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு மலையேற்றம் நடத்துகிறது. விதி வந்துவிட்டது என்பதற்காக ஒவ்வொரு முகாமும் அதைப் பின்பற்றும் என்று நாம் இருந்துவிட முடியாது.

ஆகவே அடுத்த கோடையில் பிள்ளையை முகாமுக்கு அனுப்ப நினைக்கும் ஒவ்வொரு பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். எத்தனை பிள்ளைக்கு ஓர் ஊழியர்? முதலுதவிப் பயிற்சி யாருக்கெல்லாம் இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தார்கள்? தண்ணீரில் இறங்கும்போது கரையில் நிற்பவருக்கு நீந்தத் தெரியுமா? காட்டுப் பாதை என்றால் வனத்துறை அனுமதி உண்டா? பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவில் வண்டி நிற்குமா? ஊழியருக்குச் சம்பளம் என்ன என்றும் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. பி.டி. அக்கா மாதிரி ஒருவர் வேலை செய்யும் முகாமில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் உடனே பதில் வரும், கேட்டதற்குச் சந்தோஷப்படவும் செய்வார்கள். இழுத்தடிக்கிற முகாமுக்கு, கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள்.